வாசல் கம்பத்திலிருந்து வழுதக்காடு வரை: வீட்டு இணையம் வாங்குவதும் வழக்காடுவதும்

டெக்னோபார்க் வேலைக்காகக் கழக்கூட்டத்துக்கு வருகிறவர்களும், பிள்ளைகளின் படிப்புக்காக நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் குடிமாறி வருகிறவர்களும் வீடு பார்க்கும்போது சரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கிணறு உண்டா, வாட்டர் அதாரிட்டி தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மழைக்குத் தெருவில் வெள்ளம் கட்டுமா, அட்வான்ஸ் எவ்வளவு என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வாசலுக்கு எதிரே நிற்கும் மின்கம்பத்தில் யார் யாருடைய கேபிள் தொங்குகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. செய்தித்தாளுக்குள் வைத்து வரும் நோட்டீஸ்களைப் பார்த்தால் திருவனந்தபுரத்தில் இணையத்துக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். பி.எஸ்.என்.எல்., ஏஷியாநெட், கேரளா விஷன், ஜியோ, ஏர்டெல், மாநில அரசின் கே-ஃபோன் என்று வரிசை நீளம். ஆனால் நீங்கள் குடிபோகும் தெருவுக்குக் கேபிள் இழுத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேராக இருப்பார்கள். உள்சந்துகளில் ஒருவர்தான் இருப்பார். அடுக்குமாடிக் குடியிருப்பானால் அசோசியேஷன் யாரோடு பேசி முடித்திருக்கிறதோ அவர் மட்டும். ஊர் அளவில் போட்டி இருக்கிறது, வாசல் அளவில் இல்லை. கட்டணம் கூடும்போதும், நாள் கணக்கில் இணைப்பு இல்லாமல் கிடக்கும்போதும் நாம் கையைப் பிசைந்து நிற்பது இதனால்தான். வேறிடம் போக முடியாத வாடிக்கையாளருக்கு மிஞ்சுவது விதிகள் தரும் பாதுகாப்பு. அந்த விதிகள் நல்ல விதிகள். அவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதற்காகவே.

ஒருவரே இருந்த காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். வழியாக. தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனமாக மாறியது 2000 அக்டோபர் 1 முதல். 2004இல் வெளியான பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அது பிராட்பேண்ட் என்றது. மறு ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லின் 'டேட்டாஒன்' அறிமுகமானது. அன்றைய மலிவுத் திட்டங்களில் மாதத்துக்கு ஒரு ஜிபி அளவில்தான் கிடைக்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் காசு. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் சேராது என்பதால், நடுநிசியில் அலாரம் வைத்து எழுந்து படம் இறக்கிய ஒரு தலைமுறையே உண்டு. கேபிள் டிவி கம்பி வழியே இணையம் தந்த ஏஷியாநெட் எட்டாத பகுதிகளில், தரைவழித் தொலைபேசி வைத்திருந்த வீட்டுக்கு வேறு வழியில்லை.

இன்று நிலைமை வேறு மாதிரிச் சிக்கலானது. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து 78,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியேறினார்கள். தெருவின் ஒவ்வொரு கம்பத்தையும் மனப்பாடமாக அறிந்திருந்த லைன்மேன்கள் அவர்களில் ஏராளம். அவர்கள் விட்ட இடத்தைப் பெரும்பாலும் உள்ளூர்க் கேபிள்காரர்கள் நிரப்பினார்கள்: ஃபைபரை இழுப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு, மாதக் கட்டணத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு. தனியார் நிறுவனங்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். ஆகவே உங்களுக்கு பில் போடுகிறவர் ஒருவர், உங்கள் கம்பத்தில் ஏறுகிறவர் இன்னொருவர். புகார்கள் காணாமல் போவது இந்த இருவருக்கும் நடுவில்தான். 'கம்பெனியில் சொல்லுங்கள்' என்பார் இவர்; 'லோக்கல் ஆள் வருவார்' என்பார்கள் அங்கே. இதில் குழம்ப வேண்டாம். நீங்கள் பணம் கட்டுவது யார் பெயரிலான பில்லுக்கோ, பொறுப்பு முழுவதும் அந்த நிறுவனத்துக்கு. கேபிள்காரரோடு அதற்கு என்ன ஒப்பந்தம் என்பது உங்கள் கவலையல்ல.

கைபேசி டேட்டாவை வைத்தே ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. கைபேசிக் கட்டணத்தை நிர்ணயிக்கும் சுதந்திரத்தைப் பொதுவாக நிறுவனங்களிடமே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விட்டுவைத்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கும் ஆன்லைன் வகுப்பு இருக்கிற பிள்ளைக்கும் கைபேசி ஹாட்ஸ்பாட் அவசரத்துக்கு உதவும். அதையே நிரந்தரமாக்கினால் செலவு தாளாது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். என்ன இணைப்பு வைத்திருக்கிறார்கள், கடந்த மழையில் எத்தனை நாள் போயிற்று, கூப்பிட்டால் ஆள் வருகிறாரா, இரவு ஒன்பது மணிக்கு வேகம் எப்படி. இந்த நான்கையும் விசாரித்துக்கொண்டால் போதும். திருவனந்தபுரத்தில் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் இல்லாத தெரு அபூர்வம். செயலாளரிடம் ஐந்து நிமிடம் பேசினால் தெருவின் முழுச் சரித்திரமும் கிடைக்கும். அடுக்குமாடியானால், உங்களுக்கு விருப்பமான நிறுவனம் கேபிள் கொண்டுவர அசோசியேஷன் தடை சொல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரிப் பதில் வந்தாலும் அது எழுத்துதான்.

ஃபைபரா, பழைய செம்புக் கம்பியா என்பதையும் பாருங்கள். கோட்டைப் பகுதியிலும் வலியசாலையிலும் கரமனையிலும் பரம்பரையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அப்பா காலத்துத் தரைவழி எண்ணை விட மனமில்லாமல் வைத்திருப்பார்கள். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஊரிலிருக்கும் உறவுகள் எல்லாருக்கும் தெரிந்த எண் அது. கைபேசி எண்ணை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போவதுபோலத் தரைவழி எண்ணை எடுத்துப்போக வழியும் இல்லை. எண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு அந்த எண்ணை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இணையத்தையும் பழைய செம்புக் கம்பியிலேயே வைத்திருப்பது வீண்செலவு.

விலையை வாசிப்பது

விளம்பரத்தில் இருக்கும் தொகை நீங்கள் கட்டப்போகும் தொகை அல்ல. 18 சதவீத ஜி.எஸ்.டி. அதில் சேராது. 499 என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது 588 ரூபாய் 82 காசு. 2023 ஜூன் 5 அன்று முதல்வர் பினராயி விஜயன் தொடங்கிவைத்த கே-ஃபோனின் அடிப்படைத் திட்டம் நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் மாதம் 299 என்று அறிவிக்கப்பட்டது; வரியோடு அது 352.82. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவது கே-ஃபோனின் இலக்கு. உங்கள் வீட்டு உதவியாளரின் குடும்பத்துக்கு அந்தத் தகுதி இருக்கக்கூடும்; வார்டு கவுன்சிலரிடம் விசாரித்துச் சொல்லுங்கள்.

கட்டணத்துக்கு அப்பால் மோடத்துக்கு வாடகையா, டெபாசிட்டா, விலையா என்று கேட்டு, எதுவானாலும் ரசீது வாங்குங்கள். 'இன்ஸ்டலேஷன் ஃப்ரீ' என்று சொல்லிவிட்டுக் கேபிள் நீளத்துக்குக் காசு கேட்பது உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதமே கட்டுங்கள். ஒரு மழைக்காலத்தை அந்த இணைப்பு தாண்டுவதைப் பார்க்காமல் வருடக் கட்டணம் கட்டுவது, உங்கள் கையிலிருக்கும் ஒரே பிடியையும் கொடுத்துவிடுவது.

அடுத்தது வரம்பு. 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குக் கீழே சிறிய எழுத்தில் எஃப்.யு.பி. (நியாயப் பயன்பாட்டுக் கொள்கை) என்று ஓர் அளவு போட்டிருக்கும். அந்த அளவு முடிந்ததும் வேகம் விழுந்துவிடும். எவ்வளவு டேட்டா வரை என்ன வேகம், அதன்பிறகு என்ன வேகம் என்பதைத் திட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், வீட்டு பிராட்பேண்டில் வரம்பு முடிந்த பிறகும் 512 கிலோபிட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று டிராய் 2016 அக்டோபர் 31 அன்று உத்தரவிட்டது. பிராட்பேண்ட் என்ற பெயருக்கே குறைந்தது 2 மெகாபிட் வேண்டும் என்று 2023 ஜனவரியில் வரையறையும் மாறியிருக்கிறது. திட்ட விவரம் உள்ள பக்கத்தை இணைப்பு எடுக்கும் நாளன்றே படம்பிடித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் அப்படியே இருக்காது.

வேகம் குறைகிறது என்று எப்படி நிரூபிப்பது

முதலில் ஒரு கணக்கு. 100 எம்.பி.பி.எஸ். என்பது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே கோப்பு இறங்கும்போது திரையில் நொடிக்கு 12 எம்.பி. என்று காட்டினால் அது சரியான வேகம். ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம்.

அடுத்து, வைஃபையில் அளந்து புகார் செய்யாதீர்கள். புகார் மையத்தில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான், அவர்கள் கேட்பது நியாயமும்கூட. பழைய கனத்த சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் நொண்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து வீடுகளின் நெரிசலில் சிக்கும். மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு நேரடியாக லேன் வயர் போட்டு அளந்து பாருங்கள். அப்படியும் 95ஐத் தாண்டாமல் நின்றால் மோடத்தின் போர்ட்டே 100 மெகாபிட் வகையாக இருக்கும், அல்லது வயருக்குள் ஒரு ஜோடி அறுந்திருக்கும். 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு 100க்கு மேல் போகாத மோடத்தைக் கொடுத்திருந்தால், அது அவர்கள் மாற்றித்தர வேண்டிய குறை.

காலை, மதியம், இரவு ஒன்பது மணி என மூன்று வேளை, ஒரு வாரம் அளந்து, தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம்பிடியுங்கள். டிராயின் 'மைஸ்பீடு' செயலியிலும் அளந்துகொள்ளுங்கள். காலையில் நன்றாகவும் இரவில் மோசமாகவும் இருந்தால் உங்கள் வீட்டில் கோளாறு இல்லை. ஃபைபரில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஓர் இழை தெருவிலுள்ள ஸ்பிளிட்டர் பெட்டியில் பிரிந்து 32, 64 வீடுகளுக்குப் போகிறது. பரவலாக உள்ள ஜிபான் முறையில் அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்வது சுமார் 2.5 கிகாபிட்தான். அதற்கு மேலே போகும் வழியை நிறுவனம் குறுகலாக வைத்திருந்தால் இரவு நேரத்தில் எல்லாரும் சேர்ந்து தவிப்பார்கள். மூன்று வேளையும் ஒரேபோல் மோசமாக இருந்தால் உங்கள் இழையில் பழுது. டெக்னீஷியன் வரும்போது 'பவர்' எவ்வளவு என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அது மைனஸ் கணக்கில் வரும். மைனஸ் 20 அருகில் இருந்தால் ஆரோக்கியம். மைனஸ் 27ஐ நெருங்கினால் எங்கோ வளைவு, அழுக்கு, மோசமான ஒட்டு இருக்கிறது. நீங்கள் இதைக் கேட்டாலே அவர் வேலை பார்க்கும் முறை மாறும்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழை இந்த ஊரில் வழக்கம். செம்புக் கம்பி இணைப்பானால் இடி கேட்டதும் தொலைபேசி வயரையும் மின்சார வயரையும் கழற்றுங்கள். ஃபைபர் இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் மோடத்தின் அடாப்டர் கடத்தும். சாலை தோண்டுவதும் மரக்கிளை விழுவதும் இங்கே கேபிள் அறுவதற்கு வழக்கமான காரணங்கள். மோடத்தில் 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் இழை அறுந்தது என்று பொருள். மோடத்தை அணைத்துப் போட்டுப் பயனில்லை.

புகார் எண் இல்லாவிட்டால் புகாரே இல்லை

கரமனையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை மாலை மழை. இரவு சிவப்பு விளக்கு. வழக்கமாக என்ன செய்கிறோம்? கேபிள்காரரின் கைபேசிக்குக் கூப்பிட்டு மலையாளத்தில் 'நெட் கிட்டுன்னில்ல' (நெட் கிடைக்கவில்லை) என்கிறோம். அவர் 'கேபிள் பொட்டி, நாளெ வராம்' (கேபிள் அறுந்துவிட்டது, நாளை வருகிறேன்) என்கிறார். செவ்வாய், புதன் போகிறது. மறுபடி கூப்பிட்டால் எடுப்பதில்லை. அடுத்த வாரம் வந்து சரிசெய்கிறார். மாதக் கடைசியில் முழு பில் வருகிறது, கட்டுகிறோம். நிறுவனத்தின் கணக்கில் அந்த வீட்டுக்கு ஒரு நாள்கூட இணையம் நின்றதாகப் பதிவில்லை.

கேபிள்காரரோடு நல்லுறவு வேண்டியதுதான், அவர்தான் மழையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர். ஆனால் அவரைக் கூப்பிடுவதற்கு முன் நிறுவனத்தின் புகார் எண்ணிலோ செயலியிலோ பதிவு செய்யுங்கள். பில்லில் அந்த எண் இருக்கும். பதிந்ததும் டாக்கெட் நம்பர் குறுஞ்செய்தியில் வரும். 2012 ஜனவரியில் டிராய் கொண்டுவந்த புகார் தீர்வு விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் அந்த எண்ணைத் தருவது கட்டாயம். 'ஆன்லைனில் போடாதீர்கள், நானே வருகிறேன்' என்று அவர் கேட்டுக்கொண்டாலும் போடுங்கள். உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்குவது அந்த எண்ணிலிருந்துதான்.

ஏன் கடிகாரம் என்கிறேன் என்றால், மூன்று நாளுக்கு மேல் பழுது நீண்டால் உங்களுக்குப் பணம் வர வேண்டும். டிராயின் 2006ஆம் ஆண்டு பிராட்பேண்ட் தர விதிகளே இதை வகுத்துவிட்டன: மூன்று வேலைநாளைத் தாண்டி ஏழு நாளுக்குள் சரிசெய்தால் ஏழு நாள் கட்டணம் கழிவு, பதினைந்து நாளுக்குள் என்றால் பதினைந்து நாள் கழிவு, அதற்கும் மேலே போனால் ஒரு மாதக் கட்டணமே கழிவு. 2024 ஆகஸ்டில் வெளியாகி அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய தர விதிகளும் மூன்று நாள் தாண்டினால் ஈடு தரவேண்டும் என்கின்றன. முன்பணம் கட்டியவர்களுக்கும் இது உண்டு. கேட்காமலே பில்லில் கழித்திருக்க வேண்டிய தொகை இது. பில்லைப் பாருங்கள், இல்லையென்றால் டாக்கெட் நம்பரைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள்.

யாரும் வராமலேயே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வருவது எல்லாருக்கும் பழகிப்போன அவமதிப்பு. அதை அழித்துவிடாதீர்கள். அதே நிமிடம் புதிய புகார் பதிந்து, பழைய எண்ணைச் சொல்லி, சரிசெய்யாமல் மூடிவிட்டார்கள் என்று எழுதுங்கள். சிவப்பு விளக்கைத் தேதியோடு படம்பிடியுங்கள். பொய்யாக மூடப்பட்ட இரண்டு புகார்கள் பின்னால் உங்கள் வழக்கின் வலுவான பக்கங்களாக இருக்கும்.

ஸ்பிளிட்டர் பெட்டியைப் பற்றிச் சொன்னது இங்கேயும் உதவும். உங்களுக்கு இல்லையென்றால் அந்தப் பெட்டியிலிருந்து வாங்கும் மற்ற வீடுகளுக்கும் அநேகமாக இல்லை. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் புலம்புவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வீடும் அன்றைக்கே தனித்தனியாக ஒரு டாக்கெட் நம்பர் எடுக்கட்டும். பத்து எண்கள் ஒரே நாளில் ஒரே தெருவிலிருந்து விழுந்தால் மேலிருப்பவர் கண்ணில் படாமல் போகாது.

மேல்முறையீடு

புகார் மையம் கைவிட்டால், ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் உண்டு. அவருடைய மின்னஞ்சல் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். புகாரைத் தீர்ப்பதற்கான கெடு முடிந்து 30 நாளுக்குள் எழுத வேண்டும். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுங்கள், நீட்டாதீர்கள். வாடிக்கையாளர் எண், முகவரி, திட்டத்தின் பெயர், கட்டிய தொகை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இணைப்பு இல்லை. எல்லா டாக்கெட் நம்பர்களும் வரிசையாக, ஒவ்வொன்றும் எப்போது மூடப்பட்டது என்ற குறிப்போடு. உங்களுக்கு என்ன வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 'சரியான நடவடிக்கை எடுக்கவும்' என்று முடித்தால், சரி என்று பதில் வரும், அவ்வளவுதான். 'இத்தனை நாள் கட்டணம் கழிவு, இந்தத் தேதிக்குள் இழையை மாற்றுதல்' என்று தொகையும் தேதியும் குறிப்பிட்டுக் கேளுங்கள். மனக்கொதிப்பைக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். கேரளத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அது அரசுத் துறைகளுக்கானது, தொலைத்தொடர்பு நிறுவனத்தை அது கட்டாது.

டிராய்க்கு எழுதலாமா என்று கேட்கிறார்கள். டிராய் விதி வகுக்கும் அமைப்பு. தனிநபர் புகாரை அது விசாரித்துத் தீர்ப்பதில்லை. மேல்முறையீட்டிலும் பலனில்லை என்றால் மத்திய அரசின் சிபிகிராம்ஸ் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்து பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசலாம். பி.எஸ்.என்.எல்., கே-ஃபோன் வாடிக்கையாளர்களுக்கு இன்னொரு கருவியும் உண்டு. இரண்டும் அரசு நிறுவனங்கள் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் டாக்கெட் நம்பர்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் யார், எந்தக் குறிப்போடு மூடினார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில் அவர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்த சாட்சியம்.

வழுதக்காடு

'போன் கேஸையெல்லாம் நுகர்வோர் கோர்ட்டில் எடுக்கமாட்டார்கள்' என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லக்கூடும். சில வருடங்களுக்கு முன்பு வரை அவர் சொல்வது சரி. அந்தக் கதவு அடைபட்டதே ஒரு கேரள வழக்கினால்தான். கோழிக்கோட்டில் ஒருவருடைய தொலைபேசியைக் கட்டணப் பாக்கி என்று துண்டித்தார்கள். மாவட்ட நுகர்வோர் மன்றம் இணைப்பைத் திரும்பக் கொடுத்து 5,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. தொலைத்தொடர்புத் துறை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2009 செப்டம்பர் 1 அன்று, பழைய தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவு இத்தகைய தகராறுகளை மத்தியஸ்தத்துக்கு அனுப்பச் சொல்வதால் நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பானது. ஐயாயிரம் ரூபாய்க்காகத் தொடங்கிய அந்த வழக்கைக் காட்டி நாடெங்கும் தொலைபேசிப் புகார்கள் திருப்பி அனுப்பப்பட்டன. எவ்வளவு பேர் மனம் சலித்து வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமை வரும்.

கதவைத் திறந்தவர் அகமதாபாத்காரர் ஒருவர். மாதம் சராசரியாக 555 ரூபாய் வந்த கைபேசி பில், 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான மாதத்துக்கு 24,609 ரூபாய் 51 காசாக வந்தது. அவர் மாவட்ட மன்றத்துக்குப் போனார். அந்த மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வோடபோன் ஐடியா வாதாடியது. 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், நுகர்வோர் சட்டம் தரும் பரிகாரம் கூடுதல் பரிகாரம், தந்திச் சட்டம் அதை விலக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் சட்டப்படி பரிகாரம் தேடும் உரிமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பெரியவரிடம் மரியாதையாக இதைச் சொல்லுங்கள்.

திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வழுதக்காட்டில் சிசுவிஹார் சந்தில் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியிலோ மும்பையிலோ இருக்கட்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை நேர்ந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆன்லைனில் தாக்கல் செய்ய மத்திய அரசின் இ-ஜாக்ருதி தளம் இருக்கிறது. அதற்கு முன் நிறுவனத்துக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துப் பாருங்கள். பல விவகாரங்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

மனுவில் அளவாகக் கேளுங்கள். இணைப்பு இல்லாத நாட்களுக்கான கட்டணம், அந்த நாட்களில் கைபேசி டேட்டாவுக்குச் செய்த ரீசார்ஜ், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. இதற்காக ரீசார்ஜ் ரசீதுகளை எடுத்து வையுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் வழக்கின் கனம் கூடாது, குறையத்தான் செய்யும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதைவிட நீளும் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். வழக்கு நடக்கும்போது பில் கட்டுவதை நிறுத்தாதீர்கள். ஆட்சேபத்தோடு கட்டுவதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். நிறுத்தினால் பேச்சு உங்கள் பாக்கியைப் பற்றியதாக மாறிவிடும். இடையில் இணைப்பையே விட்டுவிட முடிவெடுத்தால், துண்டிக்கச் சொன்ன கடிதத்தின் நகலும் மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீதும் கோப்பில் இருக்க வேண்டும்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, நிறுவனம் 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய விரும்பினால், தரச் சொன்ன தொகையில் பாதியை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தின் 72ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த மனுவுக்கும் நீங்களே ஆஜராகலாம். சான்றிட்ட உத்தரவு நகல் ஒன்றும், இத்தனை நாள் சேர்த்த கோப்பும் கையில் இருந்தால் போதும்.